ஃபுசாயே ஊற்றிய கடல்

நெரிமா ரயில் நிலையத்துக்குப் பின்னால், சலவைக்கடையின் மாடியில் இருந்த அனிமேஷன் ஸ்டூடியோவில் ஃபுசாயேவுக்கு ஒரே வேலை. கோட்டுப் படங்கள் கணினிக்கு வரும். தலைமுடி, கன்னம், சட்டை என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சொடுக்கி நிறம் ஊற்ற வேண்டும். கோட்டில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தாலும் போச்சு, பாவாடைக்கு ஊற்றிய சிவப்பு வானம்வரை வழிந்துவிடும். விரிசலைத் தேடி அடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவாள். முப்பது வயதில் தொடங்கியவளுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில், கடலுக்குள் முக்குளிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய படத்தின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஃபுசாயே முடித்து அனுப்பிய படங்களில் நிறமே விழாத வெள்ளைப் பொட்டுகள் தென்பட ஆரம்பித்தன. விரல் இடுக்கில் ஒன்று, காது மடலில் ஒன்று. நிறங்களைத் தீர்மானிக்கும் இகராஷி, ஃபுசாயேவைவிட இருபது வயது இளையவள், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. பொட்டு தெரியுதா?"

"எங்க?"

"என் விரல் நுனியிலேயே இருக்கு அக்கா."

ஃபுசாயே திரையில் மூக்கு முட்டக் குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். நாலைந்து வருஷமாகவே வளர்ந்திருக்க வேண்டுமாம். நேராக ஸ்டூடியோவுக்கு ஓடினாள். அத்தனை வருஷமும் நிறங்களைத் தப்பாகவா ஊற்றினாள்? இகராஷிதான் தேற்றினாள். "கன்னம், நிழல், கடல்னு பேரெழுதித்தானே ஒவ்வொரு நிறத்தையும் திரையில பெட்டி பெட்டியா உங்களுக்குத் தர்றேன்? பேரப் பார்த்து எடுத்தீங்க. ஒரு நிறம்கூடத் தப்பல."

முதலில் வலக்கண்ணுக்கு அறுவை. கட்டைப் பிரித்த காலையில் சமையலறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கிண்ணத்தில் இருந்த தோஃபு, அந்தச் சோயாக் கட்டி, அவ்வளவு வெள்ளையாக இருந்தது. குழாய்த் தண்ணீர் பளபளத்தது. கணவர் ஷிகேயோ தேநீரோடு வந்தார்.

"ஐயோ, உங்க முகத்துல இவ்வளவு சுருக்கமா?"

"போய்க் கண்ணாடியப் பாரு. அப்புறம் பேசு."

பார்த்தாள். இரண்டு கையாலும் கன்னங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தான் முன்பு ஊற்றிய காட்சியைத் திறந்தாள். அந்தப் பெண் கடலடியிலிருந்து மேலே எழுந்து வரும் காட்சி. திறந்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

நீலம். அப்படியொரு நீலம் உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அடியில் கறுப்போடு கலந்து, மேலே வர வர இளகி, நீர்மட்டத்தில் பச்சை கீறிய வெளிச்சமாகச் சிதறியது. வலக்கண்ணை மூடி, அறுவை ஆகாத இடக்கண்ணால் பார்த்தாள். பழந்தேநீர் நிறத்தில் மங்கலான தண்ணீர். இத்தனை நாளும் அவள் கண்ட கடல் அதுதான். மாற்றி மூடினாள். மறுபடி நீலம் பொங்கியது. மாறி மாறி மூடித் திறந்துகொண்டிருந்தவளை அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, கண்ணு வலிக்குதா?" இகராஷி ஓடிவந்தாள்.

"இதையா நான் ஊத்தினேன்?"

"நீங்கதான். வேற யாரு?"

"கன்னத்து நிழல்ல ஊதா வச்சிருக்கியே. தண்ணிக்குள்ள குளிர்ல விறைச்ச மாதிரியே இருக்கு. எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

இகராஷிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒவ்வொரு படத்துக்கும் மண்டையப் பிச்சுக்கிட்டுத்தான் வைக்கிறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல அக்கா."

"காட்டு. எல்லாத்தையும் காட்டு."

கடந்த நாலைந்து வருஷத்துப் படங்களை இகராஷி ஒவ்வொன்றாகத் திறந்தாள். அந்திவானம், பனிபடிந்த கூரை, தீப்பிடித்த வயல். எல்லாமே ஃபுசாயேவின் விரல் ஊற்றியவை, அவள் கண் பார்த்திராதவை. பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மதியச் சோற்றுப்பெட்டி பிரிக்காமலே கிடந்தது.

அடுத்த வாரம் இடக்கண்ணையும் சரிசெய்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் வேகம் குறைந்துவிட்டது என்று ஸ்டூடியோவில் எல்லோருமே சொல்வார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் விழுந்ததும் சற்று நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாளாம். இகராஷி அவளை ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.