பின்னால் போகாத படகு வண்டி

என் கணவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கோபக்காரர் போதும் என்று அந்த வேலையை ஆரம்பத்திலேயே நான் எடுத்துக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில் பாலக்கரையில், எங்கள் வீட்டின் முன்பக்கமே அவருடைய வெல்டிங் பட்டறை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

காவிரி ஊருக்குள் வந்துவிட்டுப் போன மறு வருஷம், ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து படகு வாங்கினார்கள். அடுத்த வெள்ளத்துக்கு மாடியில் உட்கார்ந்துகொண்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று முடிவு. படகு வந்துவிட்டது, அதை ஆற்றுக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர் வேண்டும் என்று, அவர்களில் முக்கியஸ்தரான ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் அதுவரை செய்ததெல்லாம் ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும்தான். கேட்டதும் சரி என்றுவிட்டார்.

என் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் சம்பளம் வருவதுதான் அவருக்கு வேலை, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. மாப்பிள்ளைக்காகத் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சொல்லியும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, இந்த வண்டி படகை ஒழுங்கா ஆத்துல எறக்கிட்டா நான் இனிமே வாயைத் திறக்கல. எறக்கலேன்னா, மறு திங்கக்கிழமை என்கூட வந்து அந்த வேலையில சேர்ந்துடணும். என்ன சொல்றீங்க?"

"சரிங்க மாமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? எனக்கு அந்தப் பட்டறை வேண்டும். சமையலறையில் நின்றால் சுத்தியல் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் டீக்கு வருகிறார் என்று அர்த்தம். நாள் முழுக்க அவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. புதுப்பெண் இதைப் போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? வாயால் சொல்ல முடியாததால் கையால் செய்ய இறங்கிவிட்டேன்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் அச்சு, பிரேக்கோடு கிடைத்தது. அதை வண்டியில் முடுக்குவதற்கு முன் கோணல் பார்க்க வேண்டும். வண்டியின் மூக்கில், ஜீப்போடு மாட்டுகிற இடத்தில், நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். அவர் மறுமுனையை அச்சின் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் கொண்டுபோய் அளப்பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து நடக்கும். பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்தது நான்தான். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, அது இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும்வரை பேரிங்கை அழுத்த வேண்டும். முறுக்கு பிழிந்த கைக்கு அது ஒரு பெரிய வேலையா? சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்திச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அடுப்பில் குழம்பு இருப்பதை மறந்து நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவருடைய பெருமையெல்லாம் பிரேக்கில்தான். முன்னால் போகிற ஜீப் நின்றால், பின்னால் வருகிற டிரெய்லர் தன் பாரத்தில் ஜீப்பை முட்டும். அப்போது மூக்கில் உள்ள குழாய் உள்ளே சரிந்து ஒரு கம்பியை இழுக்கும். கம்பி பிரேக்கைப் பிடிக்கும். யாரும் மிதிக்க வேண்டாம். ஜீப்பை வரவழைத்து எங்கள் தெருவில் இழுத்துப் பார்த்தோம். நிறுத்திய இடத்தில் நின்றது. பின்னால் எடுத்துப் பார்க்கத் தெருவில் இடமில்லை. படகு வண்டியின் வேலையே பின்னால் போவதுதான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

படகை இறக்க நாள் குறித்த சனிக்கிழமை பங்குச் சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சக்கரத்துக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். பாலக்கரை லாரி செட்டில் வந்து கிடந்த படகை வண்டியில் ஏற்றி, இரண்டு பக்கத்துப் பாதுகாப்போடும் கிளம்பினோம். அப்பா புதுத் தோல் செருப்பு போட்டுக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தார். காவிரிப் பாலத்தில் ஒரு பஸ் சட்டென்று நிற்க, ஜீப்பும் நின்றது, பின்னால் படகும் பூப்போல நின்றது. "பரவாயில்லையே" என்றார் அப்பா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஆற்றங்கரையில் மாட்டு வண்டிகள் இறங்குகிற சரிவுக்கு வந்ததும் டிரைவர் ஜீப்பைத் திருப்பிப் பின்னால் எடுத்தார். படகு ஒரு முழம் போனது. நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரங்கள் சுற்றாமல் மண்ணைச் சீய்த்தன. கரையில் நின்ற கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என் கணவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். எனக்குக் கண்ணெல்லாம் திருவெறும்பூர் பஸ்தான் தெரிந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"என்னங்க, வெளிய வாங்க. முட்டினா பிரேக் பிடிக்கும்னு நீங்கதானே செஞ்சீங்க? இப்ப ஜீப்பு முட்டிக்கிட்டுத்தானே இருக்கு?"

அவர் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். பிறகு அந்த நிலையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஆமால்ல. குழாய் உள்ள போகாம நடுவுல எதையாவது சொருகணும்."

ஜீப்பைக் கொஞ்சம் முன்னால் எடுத்ததும் குழாய் வெளியே வந்தது. செங்கல்லைச் சொருகினார்கள், நொறுங்கியது. விறகுக் குச்சி முறிந்தது. அப்பா நினைத்திருந்தால் பேசாமல் நின்றிருக்கலாம். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி, அடியோடு அடி சேர்த்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"பொட்டு வெச்ச வண்டியில செருப்பா?" என்று கூட்டத்தில் யாரோ முனகினார்கள்.

கணக்கு வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "பாதுகை ராஜ்யமே ஆண்டிருக்கு ஓய். ஒரு படகை எறக்காதா? நீங்க வையுங்கோ."

செருப்பு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஜீப் பின்னால் வந்தது, சக்கரங்கள் சுற்றின, படகு தண்ணீரைத் தொட்டு மிதந்தது. அப்பா சுடுமணலில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டே போய் முதல் ஆளாக அதில் ஏறினார்.

திங்கட்கிழமை காலையில் அப்பா வந்தார். பட்டறை திறக்கவில்லை. என் கணவர் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் முந்தின நாள் முழுக்கச் சண்டை போட்டும் அவர் மசியவில்லை.

"எங்க மாப்பிள்ளை கிளம்பிட்டீங்க?"

"வண்டி தானா எறங்கலீங்களே மாமா. உங்க செருப்பு இல்லேன்னா எறங்கியிருக்காது. சொன்ன சொல்லு சொல்லுதானே?"

அப்பா அவருடைய சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுது முடித்த முகத்தோடு நின்றிருந்தேன்.

"வெள்ளைச் சட்டை வீணாயிடும், கழட்டுங்க" என்றார். "நேத்து பூசைக்கே பழைய செருப்போடதான் போனேன். என் செருப்பு இன்னும் அந்த வண்டியிலதான் மாட்டியிருக்கு. அதுக்குப் பதிலா ஒரு இரும்புக் கட்டை செஞ்சு வெச்சுட்டு, அதை எடுத்துட்டு வாங்க."

பட்டறைக் கதவை அப்பாவே தள்ளித் திறந்தார். நான் டீ போட உள்ளே ஓடினேன்.