ஒட்ட வேண்டிய இடம்

இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் எலிசா குனிந்து, "எந்திரிச்சாச்சா மக்கா? எல்லாரும் சுகந்தானா?" என்று விசாரிக்கிறாள். உள்ளே தட்டுகளில் வளர்பவை செல்கள். ஊட்டத் திரவம் மஞ்சளாகியிருந்தால் அவற்றுக்குப் பசி என்று அர்த்தம். உடனே மாற்றிக் கொடுப்பாள்.

கடியப்பட்டணத்துக்காரி. நாகர்கோவிலில் ஒரு சிறிய தோல் ஆய்வுக்கூடத்தில் வேலை. தோலுக்கு நிறம் தரும் செல்லில் மட்டும் போய் ஒட்டி, அதைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறாள். வீட்டில் தோசைமாவைத் தொடவே மாட்டாள். கையோடு ஈஸ்ட் போய்ச் செல்களைக் கெடுத்துவிடும் என்ற பயம். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கணவன் ஜான்ரோஸ்தான் மாவு கரைக்கிறான். "எனக்கு மாமியா ரெண்டு. ஒண்ணு அந்தத் தட்டுக்குள்ள கெடக்கு" என்பான்.

எலியின் செல்களிலிருந்து அவள் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் முதலில் கண்ட செல்லிலெல்லாம் அப்பிக்கொண்டன. ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும்படி சாயம் சேர்த்திருந்தாள்; நுண்ணோக்கியில் தோல் முழுக்கப் பச்சை. "எல்லாத்துலயும் ஒட்டினா ஒன்ன வச்சு நான் என்னலே செய்ய?" என்று திட்டிக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். போன மழைக்காலத்தில் பூஞ்சை புகுந்து, மிஞ்சியது ஒரே தட்டு. அதிலிருந்துதான் சரியான எதிர்ப்பொருள் கிடைத்தது. மேல்தோலின் அடிவரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைவிரித்து நிற்கும் நிறமிச் செல்கள் மட்டும் ஒளிர்ந்தன. அன்று எல்லோருக்கும் உளுந்தவடை.

அடுத்து வெண்திட்டு விழுந்த தோலில் சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் பகவதிக்கு முழங்கையில் வெள்ளை உண்டு. அவளே முன்வந்தாள், மருத்துவர் கடுகளவு தோல் எடுத்துக் கொடுத்தார். "எனக்க வெள்ளையில ஒண்ணும் இருக்காது மக்ளே. அதெல்லாம் எப்பமே செத்துப்போச்சு" என்றாள்.

நேற்று எலிசா பார்த்தாள். திட்டு முழுக்க இருட்டு. ஒரு மயிர்க்காலின் அடியில் மட்டும் சில பச்சைப் புள்ளிகள். இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

பகவதி ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து குனிந்தாள். "இது எனக்கதா?"

"ஒங்களுக்கதுதான் அக்கா. கொஞ்சம் மிச்சம் இருக்கு. நிறம் திரும்புமான்னு இப்பம் சொல்ல முடியாது, கேட்டியளா."

"அது கெடக்கட்டும். இருக்குல்லா?"

அந்தப் பச்சை, விளக்கொளி படப்பட மங்கிவிடும். வேறு யார் பார்த்தாலும் எலிசா சட்டென்று எழுப்பிவிட்டு விளக்கை அணைத்துவிடுவாள். பகவதி தலையை எடுக்கவில்லை. எலிசா தன் முக்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டாள்.