பருந்து அடித்த ஜெட்டும் எங்கள் சுருளிவேலும்

சுருளிவேல் போய்விட்டான்.

இன்று காலை, ஓடைப்பட்டியில், அவன் வீட்டிலேயே. காபி கேட்டிருக்கிறான்... பெண்டாட்டி அன்னக்கொடி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் கிளம்பிவிட்டான். அவசரக்காரப் பயல்.

சாயங்காலம் எடுக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவன் ஏர்ஃபோர்ஸில் ஃபிட்டர். சண்டை விமானத்தின் உடம்பில் எங்காவது நசுங்கினால், கிழிந்தால், தகடு வைத்து ஒட்டுப் போடுகிற வேலை. ரிட்டயர் ஆகி வந்து திராட்சைத் தோட்டம் பார்த்தான்.

எனக்கு மச்சான் முறை. எட்டாவது வரை ஒரே பெஞ்சு. நான் அதோடு நின்றுவிட்டேன், அவன் படித்துப் போனான்... ஆனால் கடைசி வரை ஒரு நாள்கூடப் பறக்கவில்லை. கீழே நின்று தட்டினதோடு சரி.

முதல் லீவில் வந்தவன் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"நான் நாட்ல வேலை பாக்குறேன்."

"எந்த நாட்லடா?"

"ஏலே, நாட்டுங்கிறது பிளேன் பேருடா! சண்டை போடுற ஜெட்டு!"

"சரி, அந்தப் பேருக்கு இங்கிலீஷ்ல என்ன அர்த்தம்?"

பொய் சொல்லத் தெரியாதவன். "கொசு மாதிரி ஒரு பூச்சி" என்றான்.

போதாதா எனக்கு? சுருளிவேல் மிலிட்டரியில் கொசு மருந்து அடிக்கிறான் என்று தேவாரம் ஊர் வரைக்கும் பரப்பிவிட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரே கேட்டாராம்... "மாப்பிள்ள, மருந்து அடிக்கையில மூக்குல துணி கட்டிக்கிருவீகள்ல?"

அப்படியும் பெண் கொடுத்தார்கள். அன்னக்கொடி நல்ல மனசுக்காரி.

அந்த நாட் விமானங்களில் ஒன்று மட்டும் அவனுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. அதன் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்...

"பெங்களூர்ல செஞ்சாக மாப்ள. எழுபத்தொண்ணுல பாகிஸ்தான் சண்டைக்குப் போயிட்டு முழுசாத் திரும்பி வந்துச்சு. ஒரு கீறல் இல்ல. பெறகு பைலட்டுப் பயலுகளுக்குப் பழக்குறப்ப பருந்து வந்து அடிச்சிருச்சு. எடது ரெக்கை ஓரம் நசுங்கிப் போச்சு."

"கொசுவப் பருந்து அடிச்சுச்சா? சோலி முடிஞ்சிருக்குமே!"

"சிரிக்காதடா. நான்தான் ஒட்டுப் போட்டேன். ஒரு ரிவிட்டு ஆணி மட்டும் வரிசை தப்பிருச்சு. ஆபீசர் தடவிப் பாத்தாக. ஸ்ட்ராங்காத்தான் இருக்கு, பறக்கட்டும்னு சொல்லிட்டாக."

அந்த ஒட்டோடு அது சில வருஷம் பறந்திருக்கிறது. அதற்கு ரிட்டயர்மென்ட் வந்த நேரம் இவனுக்கு டிரான்ஸ்ஃபர். என்ஜினைக் கழற்றி, காட்சிக்கு நிறுத்த எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று இவனுக்குத் தெரியாமலே போயிற்று. அதுதான் அவனுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

போன வருஷம் ஒரு தகவல் வந்தது. தேனிப் பக்கம் ஒரு காலேஜில் நாட் நிற்கிறது என்று.

அப்போது அவனுக்குக் கண் ஏறக்குறையப் போய்விட்டது. "மாப்ள, ஒரு தடவ தொட்டுப் பாத்துருவோம்டா... என்னோடதா இருந்தா கை சொல்லிரும்" என்றான். என்னிடம் அவன் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே செக்யூரிட்டியாக ஒரு பொம்பளைப் பிள்ளை. "தாத்தா, அங்கன போகக் கூடாது. இங்கன நின்னு போட்டோ எடுத்துக்கங்க."

"இவனுக்குக் கண்ணு தெரியாது ஆத்தா. போட்டோவ வச்சு விசிறவா செய்வான்?"

சிரித்துவிட்டது. சங்கிலியைக் கழற்றிவிட்டது.

வாலில் இருக்கிற நம்பரைப் படிக்கச் சொன்னான். புதுப் பெயின்ட்... காலேஜ் பேர்தான் இருந்தது.

"நம்பர் இல்ல மச்சான்."

"வெளயாடாதடா."

"சத்தியமா இல்லடா!"

குட்டி விமானம். ரெக்கை எங்கள் தோள் உயரம்தான். இடது ரெக்கையின் முன் ஓரத்தில் கை வைத்தான். உடம்பிலிருந்து நுனி வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனான். திரும்ப நுனியிலிருந்து உடம்பு வரை. இன்னொரு தடவை...

வழவழ என்று இருந்தது. ஒட்டே இல்லை.



"ஒங்க பிளேன்தானா தாத்தா?" என்றது அந்தப் பிள்ளை.

"இல்ல ஆத்தா. இது வேற."

ஆனால் கையை எடுக்கவில்லை. மூக்கிலிருந்து வால் வரை தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தான். குனிந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான். "இந்தப் பக்கம் டயர்ல காத்து இல்ல. அடிச்சு விடச் சொல்லும்மா, பாவம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

திரும்பும்போது சின்னமனூர் தாண்டினோம். அப்புறம் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டான்.

"என்னோடது மழையில நிக்குமோ மாப்ள? மேல ஷெட்டு கிட்டு போட்டிருப்பாகளா?"

"ஏசி போட்டு வச்சிருப்பாக. பேசாம வாடா."

முதுகில் ஒரு குத்து குத்தினான்.

வெளியூர்களில் இருக்கிற பிள்ளைகளா... பள்ளிக்கூடத்திலோ பார்க்கிலோ சின்னதாக ஒரு ஜெட் நின்றால், இடது ரெக்கை ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ஒட்டு இருந்து, ஒரு ரிவிட் மட்டும் வரிசை தப்பி இருந்தால், ஒரு தட்டுத் தட்டி, ஒட்டுப் போட்டவன் இறந்துவிட்டான் என்று அதனிடம் சொல்லிவிடுங்கள்.

மேலே ஷெட் இருக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

சரிடா மச்சான்... பார்த்துப் போ.