ஞாயிற்றுக்கிழமைக்கு மாறாத திதி

இந்த நினைவு மலரில் அண்ணையின் படத்தைக் கண்டதும் "தங்கமான மனிசன்" என்று பெருமூச்சு விடப்போகும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். அவர் உயிரோடிருந்தபோது அந்தத் தங்கம் உங்கள் எவர் கண்ணிலும் படவில்லை.

பருத்தித்துறையில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் அகதியாக லண்டன் வந்து, அங்கே மிச்சம் என்ற புறநகரில் குடியிருந்து பொதிக் கிடங்கொன்றில் வேலைசெய்தவர் அண்ணை. அவருக்கு ஓட்டிசம் என்பதை நாற்பத்தாறாவது வயதில்தான் வைத்தியர்கள் சொன்னார்கள். அதுவரை நாங்கள் சொன்னது "பஞ்சாங்கப் பைத்தியம்". காணி, வீடு, யாருடைய பிள்ளை டொக்டர் என்பவற்றைத் தவிர வேறெதுவும் கதைக்கத் தெரியாத நாங்கள்தான் அந்தப் பெயரை வைத்தோம்.

யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் யாழ்ப்பாண நேரத்துக்கானது. பல மணி நேரம் பிந்தி நிற்கும் லண்டனில் அதை அப்படியே பார்த்தால் திதி தவறிவிடும். அண்ணை ஒவ்வொரு நாளையும் லண்டன் நேரத்துக்குக் கணித்துக் கொப்பியில் எழுதினார். வெளியே சத்தமும் சனமும் தாங்க ஏலாமல் வீடு திரும்பும் நாட்களில், அந்தக் கொப்பியைத் திறந்தால் சாந்தமாகிவிடுவார். அந்தச் சந்தோசத்தை நான் வேறெவர் முகத்திலும் கண்டதில்லை. அந்தக் கொப்பியால் நன்மை மட்டும்தான் என்று எழுதினால் பொய். அடுப்பில் சோறு கருகும், மருந்து மறந்துபோகும், எதிரில் இருப்பவர் அழுவதுகூட அவருக்குத் தெரியாது.

அவரோடு பொறுமையாகக் கதைத்த ஒரே மனிதர் எங்கள் மாமா. அந்த மாமாவின் ஆண்டுத் திவசத்தை, ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, நோர்பரி மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதான் சரியான நாள் என்று அண்ணை நாலு தரம் போன் பண்ணியும் ஒருவரும் கேட்கவில்லை. கிரியை நடுவில் எழுந்து அதையே உரத்துச் சொன்னார். மாமி உடைந்து அழுதார். நான் அண்ணையை இழுத்துக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினேன்.

"வாயை மூடிக்கொண்டு இதுக்குள்ளை இருங்கோ."

"நான் சொன்னது பிழையோ?"

"சரிதான். ஆனா இப்ப சொல்லக்கூடாது."

"பிறகு சொன்னா மாமாவுக்குச் சாப்பாடு போய்ச் சேருமோ?"

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் அவரை எந்தக் கொண்டாட்டத்துக்கும் எவரும் அழைக்கவில்லை. ஆனால் தங்கள் வீட்டுத் திவசம் நெருங்கினால் மட்டும், "சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்று போனில் குழைவார்கள். அவரும் நாளைக் கணித்துச் சொல்லிவிட்டு, அன்று முழுதும் மகிழ்ச்சியாக இருப்பார். தன்னை விரும்பித்தான் கதைக்கிறார்கள் என்று நம்பினார்.

இரண்டு நாளாக நெஞ்சு நொந்தும், அடுத்த ஆண்டின் கணிப்பை முடித்துவிட்டு டொக்டரிடம் போகலாம் என்று இருந்தவர், மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். அந்தக் கொப்பிமேல் எனக்குக் கோபமும் உண்டு.

அதைப் பார்த்தே அவருடைய ஆண்டுத் திதியைக் கணித்தேன். இரண்டு தரம் பிழைவிட்டு, மூன்றாம் தரம் செவ்வாய்க்கிழமை என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் எல்லாருக்கும் வசதி என்றீர்கள். "அவருக்கு இப்ப என்ன தெரியப்போகுது" என்றார் ஒருவர்.

மாமி மட்டும் போன் எடுத்தார். "நான் செவ்வாய்க்கிழமை வாறன், பிள்ளை. அண்டைக்கு அவன் சொன்னது சரி. நான்தான் மாமாவைப் பட்டினி போட்டிட்டன்."

அம்புலன்ஸை அழைத்த பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும், வேலைநாளில் வந்து கிரியை செய்யும் குருக்களுக்கும், வட லண்டன் எட்மண்டனிலிருந்து பஸ் மாறி மாறி வரும் மாமிக்கும் எங்கள் நன்றி. ஞாயிறு வசதி என்றவர்களுக்கு இம்மலர் தபாலில் வரும். அண்ணைக்குப் படைத்த சோற்றில் உங்களுக்குப் பங்கில்லை.