கருவாட்டு வாசம் அடிக்கும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் கருவாட்டு வாசம் அடிக்கும். சிரிக்காதீர்கள்... ராயபுரத்தில் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது இருக்கிற மாதிரி கம்ப்யூட்டர் இல்லை. பார்க்க வெறும் கீபோர்டு, அதற்குள்ளேயே சகலமும். டிவியில் வயரைச் சொருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட்டினால், கீச்சென்று காது கிழியக் கத்திவிட்டு புரோகிராம் ஏறும். ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த நைனாவுக்குக் கப்பல்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.

அதை ஆட்டிவைக்கத் தெரிந்தது அமலா அக்காவுக்கு மட்டும்தான். காலேஜ் விட்டு வந்தால் அதன் முன்னால்தான் உட்காருவாள். இங்கிலீஷ் எழுத்திலேயே அதைத் தமிழ் பேச வைத்தாள். திரையில் 'பேரு இன்னா?' என்று கேட்கும். நைனா ஒற்றை விரலால் தன் பேரைத் தட்டுவார். 'வா நைனா, நாஷ்டா துன்னியா?' என்று பதில் வரும். அவ்வளவுதான் புரோகிராம். அதற்கே நைனா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டுவார்.

அந்த அக்காதான் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நான் மடத்துல சேரப் போறேன், நைனா" என்றாள். கன்னியாஸ்திரி ஆகப் போகிறாளாம். அம்மா அழுதார். மாதா கோயிலில் எல்லோரும் வாழ்த்தினார்கள். நைனா கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அக்காவை ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு நைனா கம்ப்யூட்டரைக் காட்டி என்னிடம் சொன்னது இதுதான்:

"பத்திரமா எடுத்து வெய்டா. வந்தா கேப்பா."

சாகும்வரை கன்னியாஸ்திரியாகவே இருப்பேன் என்று இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கும் வரைக்கும் ஒரு பெண் மனசு மாறி வீட்டுக்கு வரலாம். அதற்குப் பல வருஷம் ஆகும். நைனா அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எங்கள் ஏரியாவில் எதையாவது பத்திரமாக வைப்பது லேசுப்பட்ட காரியமா? கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். முதல் வருஷம் நைனா அதைத் தடிமனான பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, டேப் ஒட்டி, பரணில் ஏற்றினார். மழைக்காலம் முடிந்து பிரித்தால்... உள்ளே முழுக்க வியர்த்திருந்தது. ஸ்க்ரூ எல்லாம் துரு.

"கடல் காத்த வெளிய நிறுத்துறேன்னு உள்ள வெச்சு கட்டிட்டேன்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து டிரங்குப் பெட்டி வந்தது. பழைய லுங்கியில் தளர்வாகச் சுற்றி உள்ளே வைத்தார். டேப் ரெக்கார்டரின் பேட்டரியை மறக்காமல் கழற்றினார். கூடவே ஹார்பரில் மெஷின் பெட்டிகளோடு வருமே, ஈரத்தை உறிஞ்சும் மணிகள், அவற்றையும் சின்னச் சின்னத் துணிப்பையில் கட்டிப் போட்டார். காய்ந்திருந்தால் நீலமாக இருக்கும். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகிவிடும். சூடு காட்டினால் மறுபடியும் நீலம்.

சூடு எங்கே காட்டுவது? அம்மா கருவாடு வறுக்கும் கடாயில்தான்!

"இன்னாயா, கல்ல வறுத்துகினு கீற?"

"கம்ப்யூட்டருக்குத்தாம்மே."

"அத்த துன்னுமா உன் கம்ப்யூட்டரு?"

மணி ஈரத்தை மட்டுமா உறிஞ்சும்? கடாயில் வருஷக்கணக்காக ஊறியிருந்த வஞ்சிரம், நெத்திலி வாசத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டது. அம்மா அந்தக் கடாயை அதோடு தலைமுழுகிவிட்டு, நைனாவுக்கே எழுதிவைத்துவிட்டார்.

ஒவ்வொரு தை மாதமும் இதே வேலை. பெட்டியை இறக்குவார், துடைப்பார், டிவியில் சொருகுவார். கர்ஸர் சிமிட்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். "உசுரு கீது" என்று சொல்லி அணைத்துவிடுவார். நானும் கொஞ்சம் தட்டிப் பார்க்கிறேனே என்றால், "கைய வெக்காத" என்பார். எனக்கு அப்போது கோபமாகத்தான் வரும்.

அக்காவின் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். நைனா வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இனி அவள் திரும்பி வரப் போவதில்லை, பெட்டிக்கும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த தை பிறந்தது. அடுப்பில் கடாய் இருந்தது... 'வந்தா கேப்பா' என்று மட்டும் அவர் அதற்கப்புறம் சொல்லவில்லை.

நைனா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நினைவுப் பூசைக்கு அக்கா வந்திருந்தாள். தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி ஆளுகிறாள், பேச்செல்லாம் சுத்தமான டீச்சர் தமிழ்தான். பெட்டியை இறக்கித் திறந்தேன். முதலில் வந்தது கருவாடு. அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவி விழுந்தது.

கேசட் பூஞ்சை பிடித்திருந்தது, ஏறவில்லை. கர்ஸர் மட்டும் சிமிட்டியது. அக்கா விடவில்லை. நினைவிலிருந்தே வரிவரியாகத் தட்டினாள்.

'பேரு இன்னா?'

நைனாவின் பேரைத் தட்டினாள்.

'வா நைனா, நாஷ்டா துன்னியா?'

பிறகு அக்கா கேட்டாள். "இத்தனை வருஷம் இதை யாருடா பார்த்துக்கிட்டது?"

சொன்னேன். "நீ வந்தா கேப்பேன்னு" என்றும் சொன்னேன்.

இப்போது நாம் எதையும் பரணில் ஏற்றுவதில்லை. எல்லாம் போனில், அதற்கும் மேலே ஏதோ ஒரு மேகத்தில் பத்திரமாக இருக்கிறதாம். மூன்று போனுக்கு முன்னால் எடுத்த நைனா போட்டோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. துருவும் பிடிக்காது, யாரும் வறுக்கவும் வேண்டாம்... வருஷத்துக்கு ஒருமுறை இறக்கிப் பார்க்கவும் ஆள் இல்லை.

அக்கா கம்ப்யூட்டரை அணைத்து லுங்கியில் சுற்றினாள். துணிப்பை ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினாள். மணியெல்லாம் ரோஸ் நிறம்.

"மா... அந்தக் கடாய் இன்னும் கீதா?"

டீச்சர் தமிழ் போன இடம் தெரியவில்லை. அம்மா கட்டிலில் இருந்தபடியே சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது எங்க போவும்? மேடைக்குக் கீழதான் கீது. போய் வறு."