வெற்று நீரில் துத்தநாகம்

எங்கள் ஆய்வகத்தில் ஒன்றுமே இல்லாத நீரைத்தான் முதலில் அளப்போம். வடித்துச் சுத்தம் செய்த நீரை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாட்டிலில் ஊற்றி, கிராமத்துப் போர்வெல் தண்ணீருக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து, கருவியில் வைப்போம். அதை பிளாங்க் என்போம். கருவி பூஜ்யத்தையோ அதற்கு மிக அருகிலோ காட்ட வேண்டும். பிளாங்க் சரியாக இருந்தால்தான் அதன் பிறகு வரும் எண்களை நம்ப முடியும்.

என் பிளாங்கில் துத்தநாகம், அதாவது ஜிங்க், வந்தது.

எங்கள் டவுன்ஷிப்பை ஒட்டிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தடி நீரில் துத்தநாகம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் மையம். வேறு உலோகங்களையும் அளந்தேன். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பிலேயே இருந்தது துத்தநாகம். பதிவுக்காலம் முடியும் தறுவாயில், அந்த ஓர் உலோகத்தை மட்டும் நம்ப முடியாது என்று கருவி சொல்லிக்கொண்டிருந்தது.

நெறியாளர் முடிவுத்தாளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மூஞ்சில என்னம்மா போட்டிருக்க?"

"சன்ஸ்கிரீன் சார். மேல லேசா ஃபவுண்டேஷன்."

"சன்ஸ்கிரீன்ல என்ன இருக்கு?"

"ஜிங்க் ஆக்ஸைடு சார்."

"அப்புறம் என்கிட்ட ஏன் கேக்கற?"

நான் எதையும் கேட்டிருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தவறும் இல்லை. உலோகத்தை நுண்ணளவில் அளக்கும் அறைக்குள் ஒப்பனையோடு போகக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வாசலில் முகம் கழுவிவிட்டுத்தான் போவேன். கழுவியது போதவில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முகூர்த்த நாள்களில் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்வேன். டவுன்ஷிப்பில் எங்கள் ப்ளாக்கில் தொடங்கியது, வாய்ச்சொல்லாகவே வடக்குத்து, குள்ளஞ்சாவடி வரை போயிருந்தது. மாநிறப் பெண்ணை வெள்ளையடிக்காமல் அவள் நிறத்திலேயே நிறுத்தத் தெரிந்தவள் என்று பெயர். அனல் காற்றிலும் ஹோமப் புகையிலும் கலையாத அடிப்பூச்சுப் போடுவதற்கு எந்த எண்ணெய் எந்தத் தூளைப் பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் வைத்திருந்த ஒவ்வொரு புட்டியின் பின்புறமும் எனக்கு மனப்பாடம். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதும் நன்றாக உடுத்துவேன். அயர்ன் செய்த பருத்திப் புடவை, பொருத்தமான ரவிக்கை, காதில் ஏதாவது ஒன்று. வடலூரில் பஸ் மாறி இறங்குவதற்குள் புடவை ஓரத்தில் பழுப்புத் தூசி ஏறிவிடும். தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போவேன். உடுத்துகிற பெண் படிக்கிறவள் இல்லை என்ற பேச்சு துறையில் இருந்தது. என் காதுபடச் சொன்னவர்களும் உண்டு.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். கேட்டிருந்த மணப்பெண்களிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கண்மை இல்லை, உதட்டுச் சாயம் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டினேன். ஒப்பனைப் பெட்டியைக் குவார்ட்டர்ஸ் பரணில் ஏற்றினேன். வெளுத்த சுடிதார் மூன்றை மாற்றி மாற்றிப் போட்டேன். காலையில் குளித்து, கழுத்தில் பவுடர் தட்டி, தலையை இழுத்துப் பின்னிக்கொண்டு பஸ் பிடிப்பேன்.

அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்து இங்கே வந்து இத்தனை வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"ஏட்டி, எழவு வீட்டுக்குப் போறாப்ல போறியே. பொட்டாவது வைக்கக் கூடாதா?"

"பொட்டுலயும் கெமிக்கல் இருக்கும்மா."

"நீ படிக்கிறதே கெமிக்கல்தானட்டி."

அவள் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமும் பிளாங்கில் துத்தநாகம் இருந்தது.

அடுத்த வாரமும் இருந்தது. பாட்டில்களை மாற்றினேன். அமிலத்தை மாற்றினேன். கையுறையை மாற்றினேன். நீரை வேறு துறையிலிருந்து கடன் வாங்கி வந்தேன். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்துத் தடுத்த சின்ன அறை எங்களுடையது. ஏசி ரிப்பேராகிக் கிடந்தது. தூசி வரும் என்று ஜன்னலைத் திறக்க முடியாது. வியர்வை முதுகில் ஓட நின்று அளப்பேன். நெறியாளர் பின்னால் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். எண் வரும். அவர் போய்விடுவார். ஒருமுறை மட்டும், "வீட்ல போட்டுட்டு வர்றியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அன்று கழிவறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் திட்டு. இதைவிட அதிகமாக என்னிடமிருந்து எதை எடுத்துக்கொடுக்க முடியும் என்று தெரியவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு ஜூனியர் பெண் இருந்தாள். கெட்ட எண்ணம் இல்லாதவள். "அக்கா, நீங்க உள்ள நுழைஞ்சாலே ஜிங்க் ஏறுதுக்கா. உங்களையே கரைச்சு ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுவோம்" என்றாள். கரைத்தால் நல்லது என்றுதான் எனக்கும் தோன்றியது.

மாதிரி எடுக்க வளையமாதேவிக்குப் போகும் வழியில் ஒரு வயலுக்குப் போனேன். என் ஆய்வின் முக்கியமான புள்ளி அது. சுரங்கத்துக்கு ஆக அருகில் இருந்த போர்வெல். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் அங்கே தண்ணீர் எடுத்திருக்கிறேன். நிலத்துக்கார அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா பாப்பா, வூட்ல எதனா துக்கமா?"

"இல்லீங்க."

"முன்னல்லாம் சினிமாக்காரி மாரி வருவ. நடவு நடுறவளுங்க வேலைய வுட்டுட்டு ஒன்னையே பாத்துகினு நிப்பாளுங்க. கூலி நான் குடுத்தேன், வேடிக்க நீ காட்டுன."

"படிப்பு முடியட்டுங்க. அப்புறம் போட்டுக்கலாம்."

"எங்களுக்கும் முடிஞ்சிதான் போச்சி. சொரங்கத்துக்கு நெலத்த எடுத்துகினாங்க. அடுத்த தபா நீ வரச்ச இந்தக் கொட்டாய் இருக்காது. நெறைய புடிச்சிகினு போ."

கொண்டுபோன பாட்டில்கள் எல்லாவற்றிலும் நிரப்பிக்கொண்டு வந்தேன். அமிலம் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். இந்த முறை பிளாங்க் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில், ஒவ்வொரு முறையும் பிளாங்கோடு ஒரு பாட்டிலையும் சேர்த்துத் திறந்தேன். அந்த அறையில் திறந்த எதுவும் திரும்பப் பயன்படாது. கடைசிப் பாட்டிலையும் திறந்து, பிளாங்கில் அதே உயர்ந்த எண்ணைப் பார்த்தபோது, அந்த வயலின் தண்ணீர் என்னிடம் ஒரு சொட்டும் மிச்சமில்லை.

அதன் பிறகு நெறியாளர் ஒரு வாய்மொழித் தேர்வுக்காக வெளியூர் போனார். முதல் நாள் நானும் பிந்தி எழுந்து, குளித்தும் குளிக்காமலும் ஓடினேன். அன்று பிளாங்க் சுத்தமாக இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தெரிந்த அளவு துத்தநாகம் உள்ள கரைசலை வைத்துச் சோதித்தேன். கருவி சரியாகவே இருந்தது. மறுநாள் நிதானமாகக் கிளம்பிப் போனேன். துத்தநாகம் திரும்பி வந்திருந்தது, முன்பைவிடக் குறைவாக. நேற்று செய்யாத எதை இன்று செய்தேன் என்று வீட்டிலிருந்து வரிசையாக யோசித்தேன்.

மறுநாள் காலை கழுத்தில் பவுடர் டப்பாவைக் கவிழ்த்த கை நின்றது.

வேர்க்குரு பவுடர். எங்கள் ஊர் வெயிலில் அது எல்லா வீட்டிலும் இருக்கும். குளித்தால் கழுத்திலும் முதுகிலும் தட்டிக்கொள்வது துண்டில் துடைத்துக்கொள்வதைப் போல. என்னிடம் இருந்த எல்லாப் புட்டிகளின் பின்புறத்தையும் படித்தவள், இந்த டப்பாவை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. திருப்பினேன். ஜிங்க் ஆக்ஸைடு என்று இருந்தது.

வீட்டில் போட்டுவிட்டு வருகிறாயா என்று நெறியாளர் கேட்டபோது இல்லை என்றேன். பொய் இல்லை. பவுடர் ஒப்பனை என்று எங்கள் வீட்டிலோ துறையிலோ யாரும் நினைத்ததில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் நெறியாளரின் கழுத்து. காலர் உரசும் இடத்தில் வியர்வையில் திரிந்த வெள்ளைக் கோடு. வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த கோடு.

அவர் ஊரிலிருந்து திரும்புவதற்குள் நான் பவுடரை விட்டுவிட்டு அளந்தேன். பிளாங்க் சுத்தமாக இருந்தது. அவர் வந்தார், வழக்கம்போலப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த பிளாங்க் எகிறியது. டப்பாவை அவர் அறைக்கு எடுத்துப் போய் மேசைமேல் வைத்தேன். அருகில் முடிவுத்தாள்களை வைத்தேன்.

அவர் தாள்களைப் படித்தார். டப்பாவைத் திருப்பிப் படித்தார். கை தானாகக் காலருக்குப் போனது.

"இது மேக்கப் இல்லையேம்மா."

"இல்ல சார்."

"எங்க வீட்ல எல்லாரும் போடறோம்."

"எங்க வீட்லயும் சார்."

தாள்களை அடுக்கிவைத்துவிட்டு, "பிளாங்குக்கு ஒரு சராசரி எடுத்து எல்லாத்துலயும் கழிச்சிடு. சாப்டரைக் காப்பாத்திடலாம்" என்றார். கழிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். ஒருநாள் கொஞ்சம் விழுந்திருக்கும், ஒருநாள் நிறைய. எந்தப் பாட்டிலில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. முடியாது சார் என்றேன். நான் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் கோபப்படவில்லை. சரி, கமிட்டியில் சொல்லிவிடு என்றார்.

ஆய்வுக்குழுவில் வெளியிலிருந்து வந்திருந்தவர் ஒரு பேராசிரியை. கண்டிப்பானவர், அதே சமயம் என் வேலையை வரிவிடாமல் படித்துவிட்டு வந்திருந்தார். துத்தநாக எண்களை ஏன் விலக்கச் சொல்கிறாய் என்றார்.

"கன்டாமினேஷன் மேடம். பவுடர்லேர்ந்து."

"பவுடரா?"

அவர் என்னைப் பார்த்தார். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று கூட்டத்துக்காக, நெடுநாளைக்குப் பிறகு, நல்ல புடவை கட்டிக் கண்மை இட்டிருந்தேன். ஒருவர் வாய்க்குள் சிரித்தார்.

"வேர்க்குரு பவுடர் மேடம். அந்த ரூமுக்குள்ள வர்ற எல்லாரும் போடறதுதான்."

"சரிம்மா, புரியுது" என்றார் பேராசிரியை. குரலில் கனிவு இருந்தது. "எனக்கும் உன் வயசுல ஆசை இருந்துச்சு. ரிசர்ச்சுன்னு வந்தா இதெல்லாம் விட்டுத்தான் ஆகணும். பொண்ணுங்களுக்கு யாராவது சொல்லணும்."

நான் நெறியாளரைப் பார்த்தேன். அவர் கோப்பின் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் ஒன்றும் அச்சாகியிருக்கவில்லை. அவர் கழுத்து அன்று சுத்தமாக இருந்தது.

அதே புள்ளிகளில் மறுபடி மாதிரி எடுத்து அளக்க வேண்டும், இல்லையென்றால் துத்தநாகம் ஆய்வேட்டில் இருக்கக்கூடாது என்று முடிவானது. நியாயமான முடிவு. என் இடத்தில் இன்னொருவர் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். வெளியே தாழ்வாரத்தில் நெறியாளர் என்னோடு சேர்ந்து நடந்தார். "நான் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் சொல்லிவிட்டு நின்றார். நான் படியிறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கழுவிய பாட்டில்களை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். சுற்றியிருந்த மற்ற போர்வெல்களில் மறுபடி எடுத்துவிட முடியும். இது இல்லாமல் அவற்றை எதோடு ஒப்பிடுவது என்றுதான் வழி முழுக்க யோசித்தேன். சாலையிலிருந்து பார்க்கும்போதே மோட்டார் கொட்டகை இல்லை என்று தெரிந்தது. வயலைக் குறுக்கே வெட்டி ஒரு மண் கரை போயிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம். கான்ட்ராக்ட் காவல்காரர் ஒருவர் நிழல் தேடி லாரி டயரில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா? பிரஸ்ஸா?"

"இல்லீங்க. காலேஜ். தண்ணி எடுக்க வந்தேன்."

"தண்ணியா? இங்க ஏது தண்ணி?"

"ஒரு போர் இருந்துச்சுங்க. வேப்ப மரத்துக்குக் கிட்ட."

அவர் எழுந்து நின்று அந்தத் திசையைப் பார்த்தார். மரமும் இல்லை. "நான் வந்து ஒரு மாசங்கூட ஆவலம்மா" என்றார். பிறகு, "வெயில்ல நிக்காத, கெளம்பு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டேன். இவற்றில் ஒன்றையும் திறக்கவில்லை. தலைப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன். மிஞ்சுவதைக் கொண்டு ஓர் ஆய்வேடு ஆகும். நான் அதற்காக ஆய்வுக்கு வரவில்லை. குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணப் பெண் போனில் கூப்பிட்டாள், நான் முன்பு மறுத்தவர்களில் ஒருத்தி. யாரும் சரியாக அமையவில்லை என்றாள்.

"அக்கா, மேக்கப் ட்ரையலுக்காவது வர முடியுமாக்கா?"

"வரேன். நாளைக்கே வரேன்."

அவள் தயங்கினாள். "பிஹெச்டி முடிஞ்சிடுச்சாக்கா?"

"இல்லம்மா" என்றேன். எந்த நிறப் புடவை என்று கேட்டேன்.