பந்தகம் அறுந்துள்ளது

எங்கள் ஊர் அரசு டாக்டர் தான் எழுதும் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துத் தானே தலையாட்டிக்கொள்வார். அறுபத்தேழில் ஆட்சி மாறியதிலிருந்து தூய தமிழில்தான் எழுதுவார்.

அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு மிராசுதாரின் ஆட்கள் என் முட்டியில் கம்பால் அடித்தார்கள். கேஸுக்கு அவரிடம் சான்று வாங்கப் போனேன்.

"முழங்கால் பந்தகம் அறுந்துள்ளது" என்று படித்தார்.

"பந்தகம்னா என்னங்கய்யா?"

"எலும்போட எலும்பைச் சேர்த்துக் கட்டுற நாருப்பா. நல்ல தமிழ்."

"கம்பால அடிச்சு அறுந்துச்சுன்னு எழுதுங்க."

"அறுந்ததைத்தான் பார்த்தேன். அடிச்சதைப் பார்க்கலையே."

வழுக்கி விழுந்தாலும் பந்தகம் அறுந்துபோகும் என்றார் மிராசுதாரின் வக்கீல். கேஸ் தள்ளுபடியானது.

இன்றும் வரப்பில் முட்டி மடங்கும்போது டாக்டரை நினைத்துக்கொள்வேன். உள்ளே கிடக்கும் நாருக்கு எவ்வளவு அழகான பெயர் சொன்னார்! வெளியே இருந்த கம்புக்குத்தான் அவருக்குத் தமிழ் கிடைக்கவில்லை.